லோடு ஏற்றிவிட்டுப் பார்: ஃபாக்ஸ் மஸ்டாங்கில் பினியன் கோணம் வைப்பது

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டு சோனா மசூரி மூட்டைகள் எட்டும் என் காரின் டிரைவர் சீட்டில் அடுக்கப்பட்டு, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மூட்டைக்கு 20 பவுண்டு, ஆக மொத்தம் 160. தள்ளுபடி என்று வாங்கிக் குவித்தபோது கணவர் திட்டினார். அவை கராஜுக்குப் போனபோது இன்னொரு முறை திட்டினார். ஆனால் காருக்கு அடியில் படுத்து அளவெடுப்பதும் நான், சீட்டில் உட்கார வேண்டியதும் நான். என் எடைக்கு வேறு யார் பொறுப்பேற்பது?

கார் 1989 மஸ்டாங் எல்.எக்ஸ் ஹேட்ச்பேக். 5.0 லிட்டர் வி8, ஐந்து கியர் டி-5 பெட்டி, பின்னால் ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்ஸில், 3.73 கிரவுன் பினியன் (டிரைவ்ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று). 1979 முதல் 1993 வரை வந்த இந்தத் தலைமுறையைத்தான் ஃபாக்ஸ் பாடி என்கிறார்கள். நாங்கள் இருக்கும் மிச்சிகன் கேன்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் டியர்பார்னில்தான் இது பிறந்தது. வாங்கி முதல் வாரத்திலேயே இரண்டு குறைகள் தெரிந்தன. 60 மைல் வேகத்தில் தரையிலிருந்து ஒரு ரீங்காரம் காலுக்கு ஏறும். கால் மைல் பந்தயத் தடமான மிலன் டிராக்வேயில் கிளட்சை விட்டதும் பின்பக்கம் கட்டைவண்டி மாதிரி தடதடவென்று துள்ளும். முதல் 60 அடியைக் கடக்க 2.31 வினாடி. டயர் ரோட்டைப் பிடிக்கவில்லை, கொத்தியது.

இந்த வண்டியில் பின் ஆக்ஸிலைச் சேசிஸோடு பிடித்திருப்பவை ஆர்ம் என்ற நான்கு கம்பிகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. முந்தைய உரிமையாளர் நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம்களைப் போட்டிருந்தார். எந்த அளவில் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. இங்கே ஒரு கடையில் காட்டினேன். "எல்லாருக்கும் மைனஸ் ரெண்டுதான்" என்று, அதாவது பினியன் கோணம் இரண்டு டிகிரி தாழ்வு என்று, ஏதோ திருகிக் கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். ரீங்காரம் அதிகமானதுதான் மிச்சம்.

சங்ககிரியில் என் பெரியப்பா நாற்பது வருஷம் லாரி பட்டறை வைத்திருந்தார். போனில் புலம்பினேன். "மூக்கு தூக்கிட்டு நிக்குதா கண்ணு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "காலி வண்டியில பாத்து என்ன பிரயோசனம்? லோடு ஏத்திட்டுப் பாரு. லோடு ஏறும்போது எவ்வளவு பெரளுதுன்னு பாரு. அதுக்குத் தக்கன வை." எந்த வழிகாட்டியில் படித்ததும் இவ்வளவு தெளிவாக இல்லை. கீழே எழுதுவதெல்லாம் அந்தப் பேச்சின் விரிவுரைதான்.

முதலில், மூக்கு என்றால் என்ன? பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் குண்டு ஹவுசிங்கிலிருந்து முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அதற்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது, அதன் நுனியில் கியர்பெட்டியிலிருந்து வரும் டிரைவ்ஷாஃப்ட் வந்து சேர்கிறது. காரை முன்னால் தள்ள சக்கரம் முன்பக்கமாகச் சுழல்கிறது. அதன் எதிர்விசை ஹவுசிங்கைப் பின்பக்கமாகப் புரட்டப் பார்க்கிறது, அதனால் மூக்கு மேலே எழும்புகிறது. நான்கு ஆர்ம்கள் பிடித்திருந்தாலும் ஆர்ம்களின் நுனியில் இருப்பது புஷ் என்ற ரப்பர் உறைதானே. அது நசுங்கும் அளவுக்கு மூக்கு தூக்கும். லாரியில் ஆர்ம் கிடையாது, பட்டை ஸ்பிரிங்தான். அது வளைந்து கொடுப்பதால் மூக்கு இன்னும் அதிகமாகத் தூக்கும். பிரேக் பிடித்தாலோ ஆக்சிலரேட்டரை விட்டாலோ நடப்பது தலைகீழ்: மூக்கு தாழும்.

மூக்கு தூக்கினால் என்ன நஷ்டம்? டிரைவ்ஷாஃப்டின் முனையில் மடங்கியபடியே சுழலும் இணைப்பான கிராஸ் ஜாயின்ட்டில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு ஷாஃப்டுகள் கோணத்தில் சந்திக்கும்போது, கிராஸ் ஜாயின்ட் ஒரே சீராகச் சுழற்றிக் கொடுக்காது. ஒரு சுற்றில் இரண்டு முறை கொஞ்சம் முந்தும், இரண்டு முறை கொஞ்சம் பிந்தும். 2 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.06 சதவீதம், அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. 7 டிகிரியில் 0.75 சதவீதம். கோணம் இரு மடங்கானால் ஆட்டம் நான்கு மடங்காகும் என்பதுதான் கணக்கு. என் டயர் 225/60 ஆர்15. 60 மைலில் டிரைவ்ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று சுற்றும், அதாவது வினாடிக்கு 100 முறை முந்திப் பிந்துகிறது. என் காலில் ஏறிய ரீங்காரம் அதுதான்.

டிரைவ்ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட் இருப்பதால் ஒரு வழி உண்டு. முன் ஜாயின்ட் எந்தக் கோணத்தில் வேலை செய்கிறதோ அதே கோணத்தில் பின் ஜாயின்ட்டும் வேலை செய்தால், ஒன்று கெடுப்பதை மற்றது சரிசெய்துவிடும். அதற்கு கியர்பெட்டியின் வெளிவரும் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நின்றிருக்கும்போது இணையாக இருந்தால் போதாது, இழுக்கும்போது இணையாக இருக்க வேண்டும். இழுக்கும்போது மூக்கு எழும்பும் என்பதால், நிற்கும்போது அந்த அளவுக்குத் தாழ்த்தி வைக்கிறோம். பினியன் கோணம் வைப்பது என்றால் இவ்வளவுதான்.

பிடிமானத்தைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறைய கதை ஓடுகிறது. பினியன் கோணம் டயருக்குப் பிடிமானம் கொடுக்காது. டயரைத் தரையில் அழுத்துவது கீழ் ஆர்மும் மேல் ஆர்மும் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பது. துள்ளலைத் தீர்மானிப்பது புஷ்களின் நிலை. கோணம் தப்பாக இருந்தால் இருக்கிற பிடிமானத்தைக் கெடுக்கும்: சீராக வர வேண்டிய முறுக்கம் அதிர்ந்து அதிர்ந்து வரும், ஏற்கெனவே துள்ளத் துடிக்கும் ஆக்ஸிலுக்கு அது இன்னொரு உதை. சரியான கோணம் என்பது ஒரு தொந்தரவை எடுத்துவிடுவது, அவ்வளவே. அதனால் இது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஸ்பிரிங் மாற்றப் போகிறீர்களா, கீழ் ஆர்மின் பின்முனையை இறக்கும் பிராக்கெட் போடப் போகிறீர்களா, எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொன்றும் கோணத்தை மாற்றும்.

அளப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தேய்ந்தவற்றைக் கண்டுபிடியுங்கள். டிரைவ்ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் கிராஸ் ஜாயின்ட்டில் கிளிக் என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. கியர்பெட்டி மவுண்ட் ரப்பர் ஊறி இறங்கியிருந்தால் முன் கோணமே பொய். ஆர்ம் புஷ்களை நெம்புகோலால் நெம்பிப் பாருங்கள். என் வண்டியில் கீழ் ஆர்ம் புஷ்கள் அரை அங்குலம் ஆடின, முப்பது வருஷத்து ரப்பர். அவற்றை பாலியூரித்தேன் புஷ் உள்ள புதிய கீழ் ஆர்ம்களாக மாற்றினேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கீழே பாலி போட்டது நன்றாக இருக்கிறதே என்று மேல் ஆர்மிலும் கெட்டியான பாலி புஷ் போடாதீர்கள். ஃபாக்ஸில் மேல் ஆர்ம்கள் இரண்டும் கோணலாக, முக்கோணம் போல நிற்கின்றன. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிப்பதும் அவைதான். கார் வளைவில் சாயும்போது அந்த புஷ் எல்லாத் திசையிலும் முறுக வேண்டியிருக்கிறது. கெட்டி புஷ் முறுகாது, ஆக்ஸில் இறுகிக்கொள்ளும், வளைவின் நடுவில் பின்பக்கம் திடீரென்று வெளியே போகும். ஹவுசிங் காதில் இருக்கும் மேல் புஷ்ஷை ரப்பராகவே விடுங்கள், இல்லாவிட்டால் கோள மூட்டு போடுங்கள். மேல் ஆர்ம் சேசிஸில் சேரும் டார்க் பாக்ஸ் தகட்டையும் விளக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே ஸ்பாட் வெல்ட் கிழிவது இந்த வண்டிகளின் பிறவி நோய். கிழிந்திருந்தால் கோணத்தை மறந்துவிட்டு வெல்டரைத் தேடுங்கள்.

இனி அளவு. கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடியில் காந்தம் வைத்த சின்ன டிஜிட்டல் கோணமானி போதும். மொபைலில் இருக்கும் ரசமட்டமும் வேலை செய்யும், ஆனால் அதன் ஓரம் வளைந்திருப்பதால் ஒட்டி உட்காராது, கை நடுங்கினால் அரை டிகிரி போய்விடும்.

மிக முக்கியமானது: சக்கரங்கள் மேல் காரின் முழு எடையும் இருக்க வேண்டும். பாடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் எடுத்த அளவு குப்பைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கடையில் எனக்கு நடந்தது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன், லிஃப்டில் பாடியைத் தூக்கித்தான் அளந்தார்கள். நான்கு தூண் லிஃப்ட் கிடைத்தால் நல்லது. எனக்கு இல்லை. தடித்த பைன் பலகைகளை அறுத்து, அடுக்கி, திருகு போட்டு நான்கு மேடை செய்தேன். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒன்று. அதன் மேல் ஏற்றியதும் காரை முன்பின் தள்ளி, பம்பரை நாலு முறை அமுக்கி விட்டு, சஸ்பென்ஷன் இயல்பாக உட்காரவிட வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டேங்கில் பாதி பெட்ரோல். சீட்டில் உங்கள் எடை, அல்லது அரிசி.

தரை சமமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்த ஊரில் பனி உருகி ஓடுவதற்காகக் கராஜ் தரையையே கதவுப் பக்கம் சாய்த்துத்தான் போடுகிறார்கள். நமக்கு வேண்டியது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும், தரைச் சாய்வு எல்லா அளவிலும் ஒரே மாதிரி சேர்ந்து கழிந்துவிடும். ஒரே நிபந்தனை, அளவுகளை எடுத்து முடிக்கும்வரை காரை நகர்த்தக் கூடாது.

மூன்று அளவு எடுங்கள். ஒன்று, எஞ்சின், கியர்பெட்டியின் சாய்வு. டி-5 பெட்டியின் வாலில் தட்டையான இடம் கிடையாது. நான் எஞ்சின் முன்னால் கிராங்க் புல்லியின் செங்குத்தான முகத்தில் கோணமானியை ஒட்டினேன். 87.0 காட்டினால் 90-இல் கழித்து 3.0, பின்பக்கம் தாழ்வு. இரண்டு, டிரைவ்ஷாஃப்ட் குழாய். துருவையும் அழுக்கையும் துடைத்துவிட்டு, சமநிலைக்காக ஒட்டவைத்த எடைத் துண்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். மூன்று, பினியன்.

இதற்கு மட்டும் டிரைவ்ஷாஃப்டை இறக்க வேண்டும். 8.8 ஆக்ஸிலில் பினியன் நுனியில் ஃபிளேஞ்ச் என்ற வட்டமான இணைப்புத் தட்டு இருக்கிறது. நான்கு போல்ட், பன்னிரண்டு முனை கொண்ட தலை, 12 மில்லிமீட்டர் சாக்கெட். சாதாரண ஆறு முனை சாக்கெட்டை வைத்து முட்டி மோதினால் தலை உருண்டுவிடும், நான் ஒன்றை உருட்டியவள். அவிழ்க்கும் முன் ஃபிளேஞ்சிலும் ஷாஃப்டிலும் நேர்க்கோடாக ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள், திரும்ப அதே இடத்தில் சேர வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய பினியன் நட்டைத் தொடவே தொடாதீர்கள். அதற்குப் பின்னால் நசுங்கும் ஸ்லீவ் இருக்கிறது, பேரிங் இறுக்கம் முழுக்க அதை நம்பித்தான். போல்ட் அவிழ்ந்ததும் ஷாஃப்டை ஓரமாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஃபிளேஞ்ச் முகத்தில் கோணமானியை வைத்துப் பாருங்கள். ஃபிளேஞ்சைக் கால் சுற்றுச் சுற்றி மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் சரி. பின்னாலிருக்கும் மூடியில் வைத்து அளப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

என் வண்டியில் வந்த எண்கள்: கியர்பெட்டி பின்பக்கம் 3.0 தாழ்வு. டிரைவ்ஷாஃப்ட் பின்பக்கம் 0.2 தாழ்வு, கிட்டத்தட்டப் படுத்த நிலை. பினியன் மூக்கு 4.5 மேல்நோக்கி. கியர்பெட்டி பின்னால் 3 டிகிரி சாய்ந்தால், அதற்கு இணையான பினியன் 3 டிகிரி மூக்கு தூக்கி நிற்கும், ஒரு தாளில் வரைந்து பார்த்தால் புரியும். என்னுடையது நிற்கும்போதே அதைவிட 1.5 கூடுதல். முன் ஜாயின்ட் 2.8, பின் ஜாயின்ட் 4.3. இழுக்கும்போது மூக்கு இன்னும் எழும்பும் என்றால் பின் ஜாயின்ட்டின் கோணம் இன்னும் கூடுகிறது. "மூக்கு தூக்கிட்டு நிக்குதா" என்ற கேள்விக்கு இப்போது பதில் இருந்தது.

அப்புறம், எவ்வளவு தாழ்த்துவது? வழக்கமாகச் சொல்லும் எண்களைத் தருகிறேன். ரப்பர் அல்லது பாலி புஷ் உள்ள நான்கு ஆர்ம் வண்டிக்கு 2 முதல் 4 டிகிரி தாழ்வு. ரப்பரே இல்லாமல் முழுக்கக் கோள மூட்டு என்றால் 1 முதல் 2. பட்டை ஸ்பிரிங் என்றால் 5 முதல் 7 வரைகூடப் போவார்கள். ஆனால் எதற்கு 2 டிகிரி தாழ்வு என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கால் மைல் ஓட்டுபவர்கள் டிரைவ்ஷாஃப்டை வைத்து அளக்கிறார்கள்: ஷாஃப்டின் கோட்டிலிருந்து மூக்கு 2 டிகிரி கீழே, இழுக்கும்போது அது ஷாஃப்டோடு நேர்கோட்டுக்கு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வினாடி ஓட்டத்துக்கு அது போதும். தெருவில் ஓட்டுபவர்கள் கியர்பெட்டியை வைத்து அளக்கிறார்கள்: அதற்கு இணையான நிலையிலிருந்து 1, 2 டிகிரி கீழே. ஒரே "மைனஸ் ரெண்டு" இரண்டு கணக்கிலும் என் வண்டியில் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும். யாராவது எண் சொன்னால், எதிலிருந்து என்று கேட்காமல் ஸ்பானரை எடுக்காதீர்கள். நான் வாரம் முழுக்கத் தெருவில் ஓட்டுகிறேன், மாதம் ஒரு முறை மிலன் போகிறேன். எனக்கு இரண்டாவது கணக்கு.

எண்ணைக் கடன் வாங்குவதைவிட உங்கள் வண்டி எவ்வளவு புரளுகிறது என்று பார்ப்பது நல்லது. ஹவுசிங்கின் பக்கவாட்டில் நேராக ஒரு வெள்ளை டேப் ஒட்டினேன். காந்தப் பிடி உள்ள ஆக்ஷன் கேமராவை, அதைப் பார்த்தபடி பாடியின் அடியில் ஒட்டி, பாதுகாப்புக்கு ஒரு கம்பியும் கட்டினேன். மிலனில் நாலு முறை கிளம்பினேன். வீட்டுக்கு வந்து, நிற்கும் படத்தையும் அதிகபட்சமாக எழும்பிய படத்தையும் நிறுத்தி, திரையில் பாகைமானி வைத்து அளந்தேன், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ். பழைய புஷ்ஷோடு 2.5 டிகிரி, புதிய கீழ் ஆர்ம்களோடு 1.5. ரொம்ப நுணுக்கமான அளவு அல்ல. ஆனால் இது என் வண்டி, என் டயர், என் கிளட்ச் கொடுத்த எண். பெரியப்பா சொன்ன லோடு இதுதான்.

ஆக, இணையான நிலை 3.0, அதில் 1.5 கழித்தால் மூக்கு 1.5 மேல்நோக்கி நிற்க வேண்டும். இருப்பது 4.5. மூன்று டிகிரி இறக்க வேண்டும்.

மேல் ஆர்மைக் குட்டையாக்கினால் ஹவுசிங்கின் தலை முன்னால் வரும், மூக்கு தாழும். நீளமாக்கினால் மூக்கு எழும்பும். கீழ் ஆர்மை நீட்டியும் மூக்கைத் தாழ்த்தலாம், ஆனால் சக்கரமே பின்னால் நகர்ந்துவிடும், அதனால் நான் அதைத் தொடவில்லை. எவ்வளவு திருக வேண்டும் என்பதற்கு ஒரு குத்துமதிப்பு: மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து 0.0175 ஆல் பெருக்குங்கள். 200 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு 3.5 மில்லிமீட்டர். ஃபாக்ஸில் மேல் ஆர்ம் கோணலாக நிற்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே திருக வேண்டியிருக்கும். இரு முனையிலும் வலது, இடது மரை உள்ள ஆர்மில், அங்குலத்துக்கு 16 மரை என்றால், ஒரு முழுச் சுற்று எட்டில் ஒரு பங்கு அங்குலம்.

ஆனால் கணக்குப் போட்டு ஒரேயடியாகத் திருகாதீர்கள். மூக்கின் கீழே ஒரு ஜாக்கியை லேசாக முட்டுக்கொடுத்து, பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, வலது ஆர்மில் அரைச் சுற்று, இடது ஆர்மில் அதே அரைச் சுற்று. இரண்டும் ஒரே நீளத்தில் இருப்பது ரொம்ப முக்கியம். ஒன்று குட்டையாக இருந்தால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு டயர் ஃபெண்டரை உரசும். ஆர்மின் மேல் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டு எண்ணிக்கொண்டால் குழப்பம் வராது. போல்ட்டைக் கழற்றித்தான் நீளம் மாற்ற முடியும் என்ற வகை ஆர்ம் என்றால், ஒரு சமயத்தில் ஒரு ஆர்மை மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் கழற்றினால் ஹவுசிங் தலைகுப்புறக் கவிழும், அப்போது உங்கள் முகம் அதற்கு நேர் கீழே இருக்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போவது எப்போதும் கூடாது.

திருகியபின் முட்டு ஜாக்கியை எடுத்துவிட்டு, காரை மறுபடி அமுக்கி உட்காரவைத்து, மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும். மூன்றையும். முதல் தடவை நான் பினியனை மட்டும் அளந்து ஏமாந்தேன். மூக்கு 3 டிகிரி தாழ்ந்தால் அதன் நுனி அரை அங்குலத்துக்கு மேல் இறங்குகிறது, ஷாஃப்டின் பின்முனையும் கூடவே இறங்குகிறது. 0.2 ஆக இருந்த ஷாஃப்ட் சாய்வு 1.0 ஆகிவிட்டது. கடைசியாக நின்ற எண்கள்: கியர்பெட்டி 3.0, ஷாஃப்ட் 1.0, பினியன் 1.5. முன் ஜாயின்ட் 2.0, பின் ஜாயின்ட் 0.5. இழுக்கும்போது மூக்கு 1.5 எழும்பினால் இரண்டு ஜாயின்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். பின் ஜாயின்ட் நிற்கும்போது சுழியமாக இல்லாமல் அந்த 0.5 இருப்பதும் நல்லதே. கோணமே இல்லாவிட்டால் கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருளாது, ஒரே இடத்தில் நின்று குழி பறிக்கும்.

ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போதும் காரின் எடை சக்கரத்தில் இருக்கட்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே வாழும், சீக்கிரம் கிழியும். டிரைவ்ஷாஃப்ட் போல்ட்டுகளுக்கு, மரை தளராமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு சொட்டு, மேனுவலில் சொன்ன முறுக்கம்.

ஓட்டிப் பார்ப்பது எளிது. 60-இல் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ரீங்காரம் வந்தால் மூக்கு இன்னும் மேலே இருக்கிறது. காலை எடுத்ததும் வந்தால் ரொம்பத் தாழ்த்திவிட்டீர்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் கோணத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், ஷாஃப்டின் சமநிலையையோ டயரையோ பாருங்கள். அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சின் சுற்றை இறக்கிவிட்டும் அதிர்வு மாறாமல் இருந்தால், அது எஞ்சினோ கிளட்சோ அல்ல என்று உறுதி. எனக்கு அழுத்தும்போது வந்தது முழுக்கப் போய்விட்டது. காலை எடுக்கும்போது 70-க்கு மேல் லேசாக ஒரு முனகல் உண்டு. கால் சுற்று நீட்டினால் அது போகும், ஆனால் கிளம்பும்போது கொஞ்சம் திரும்ப வரும். விட்டுவிட்டேன்.

மிலனில் அடுத்த முறை 60 அடி 2.08. இதில் கோணத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கீழ் ஆர்ம் புஷ்ஷுக்கும், டயர் காற்றைக் குறைத்ததுக்கும்தான் பெரும்பங்கு என்பேன். துள்ளல் மட்டும் இல்லை, கார் உட்கார்ந்து கிளம்புகிறது. வலது பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் சுழல்கிறது. அதற்கு வலது ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை போடுவார்கள். சிலர் மேல் ஆர்ம் ஒன்றை மட்டும் திருகிச் சரிபண்ணப் பார்ப்பார்கள், ஃபாக்ஸில் அது வேண்டாம்.

பட்டை ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, 1967 முதல் 1969 வரையிலான கமாரோ மாதிரி, திருக ஆர்ம் கிடையாது. பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு கொடுக்க வேண்டும். இரும்புத் தகடாக வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி வெளியே வந்துவிடும். 2005-இல் வந்த மஸ்டாங்குக்கு மேல் ஆர்ம் ஒன்றுதான், வேலை பாதி, ஆனால் ஷாஃப்ட் இரண்டு துண்டு என்பதால் கணக்கு வேறு. 2015 முதல் வந்தது தனித்தனி சஸ்பென்ஷன், அதில் டிஃபரன்ஷியல் பாடியோடு நிற்கிறது, இந்த வேலையே இல்லை.

நூறு மைல் ஓட்டியதும் பூட்டு நட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். இடது ஆர்மில் பெயிண்ட் கோடு ஒரு நூல் அளவு விலகியிருந்தது. இறுக்கி, புதுக் கோடு போட்டேன். அக்டோபரில், பனிக்காலத்துக்கு மூடி வைக்கும் முன் மறுபடி மேடையில் ஏற்றி அளந்தபோது பினியன் 1.4 காட்டியது. அந்த முறை சீட்டில் மகள் உட்கார்ந்தாள், மடியில் இரண்டு மூட்டையோடு. மற்ற ஆறையும் அதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டோம்.